ஒரு குல்லாய்க்குக் கைமாறிய புத்தகம்… தெரியுமா?

மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன், ஒரு புத்தகத்தின் பெயர் காதில் விழுந்ததும் தூண்டிலை வீசியெறிந்துவிட்டு ஓடினான், தெரியுமா? இடம், கண்டி ராஜ்ஜியத்தில் ஓர் ஓடைக்கரை. காலம், ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுக்கு முன். ஆள், ராபர்ட் நாக்ஸ் என்ற லண்டன்காரன்.

அவன் அங்கே எப்படி வந்தான் என்பதே தனிக்கதை. அவனுடைய அப்பா கேப்டனாக இருந்த 'ஆன்' என்ற கப்பல் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. புது மரம் நாட்ட, திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கொட்டியாரக் குடாவுக்கு வந்து நங்கூரம் போட்டார்கள். அது 1660. கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் நயமாகப் பேசிக் கரைக்கு அழைத்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை! அப்பனும் மகனும் மலைநாட்டுக்குக் கைதிகளாகப் போனார்கள். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. மறுவருஷமே அப்பா காய்ச்சலில் இறந்தார். மகனிடம் மிஞ்சியவை இரண்டு பக்திப் புத்தகங்கள். படித்துப் படித்து இரண்டும் கிட்டத்தட்ட மனப்பாடம் ஆகிவிட்டன. படிக்க மூன்றாவதாக ஒன்று கிடையாது.

அந்த நிலையில்தான் ஓடைக்கரையில் ஒரு கிழவர் வந்து, நாக்ஸோடு இருந்த பையனிடம், "உன் எஜமானுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று விசாரிக்கிறார். போர்த்துகீசியர் கொழும்பை விட்டுப் போனபோது தனக்குக் கிடைத்த ஒரு புத்தகம் வீட்டில் சும்மா கிடக்கிறதாம். பையன் போய்ப் பார்க்கிறான். பார்த்தவன் அதைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே ஓடிவருகிறான். பைபிள்! அதுவும் ஆங்கிலத்தில்! நாக்ஸிடம் அப்போது இருந்த சொத்து ஒரே ஒரு தங்க வராகன். அதையே தூக்கிக் கொடுத்துவிடத் துடிக்கிறான். பையன்தான் தடுக்கிறான். ஆசையைக் காட்டாதீர்கள், விலை குறையும் என்கிறான். கடைசியில் நாக்ஸ் தன் கையால் பின்னிய ஒரு நூல் குல்லாய்க்கு அந்தப் புத்தகம் கைமாறியது. குல்லாய் பின்னி விற்றுத்தான் அவன் வயிறு வளர்த்துக்கொண்டிருந்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப்பாருங்கள்.

எத்தனை வருஷம் அந்தச் சிறை தெரியுமா? பத்தொன்பதரை வருஷம்! ஊர் ஊராகச் சாமான் விற்கும் வியாபாரிபோல ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே போய் வழியைத் தெரிந்துவைத்துக்கொண்டு, 1679இல் ஒரு தோழனோடு கிளம்பினான். அநுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றின் கரையோடு, யானைக் காட்டில் ராத்திரியெல்லாம் நெருப்பு மூட்டிக்கொண்டு, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டையை அடைந்தான். ஊருக்குப் போகும் கப்பலிலேயே எழுதத் தொடங்கியதுதான் 1681இல் லண்டனில் வெளிவந்த அவனுடைய இலங்கைச் சரித்திரம். அன்றைய கண்டி மக்கள் எப்படி உழுதார்கள், எப்படிச் சமைத்தார்கள், அரசனுக்கு எப்படிப் பயந்தார்கள் என்பதை எல்லாம் இத்தனை கிட்டத்தில் இருந்து சொல்லும் வெள்ளைக்காரர் புத்தகம் அந்தக் காலத்தில் இன்னொன்று இல்லை.

இப்போது கதைப்பக்கம் வாருங்கள். 'ராபின்சன் க்ரூஸோ' எழுதிய டேனியல் டெஃபோவுக்கு நாக்ஸின் புத்தகம் நன்றாகத் தெரியும். 1720இல் எழுதிய 'கேப்டன் சிங்கிள்டன்' நாவலில் நாக்ஸின் கதையையே எடுத்துச் சொல்கிறார். அதற்கு முந்தைய வருஷம் வந்தது க்ரூஸோ. தென்னமெரிக்காவுக்கு மேற்கே ஒரு தீவில் நாலு வருஷமும் நாலு மாதமும் தன்னந்தனியாக இருந்த அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற மாலுமியின் கதையும் டெஃபோ காலத்தில் எல்லார் வாயிலும் இருந்தது. அந்தத் தீவுக்கு 1966இல் சிலி அரசு என்ன பெயர் வைத்தது தெரியுமா? ராபின்சன் க்ரூஸோ தீவு! கற்பனை மனிதன் நிஜத் தீவுக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டான்.

நாக்ஸ் புத்தகத்துக்கு முன்னுரை எழுதி, அது அச்சேற உதவியவர் யார் தெரியுமா? ராபர்ட் ஹூக். பள்ளிக்கூடத்து அறிவியல் பாடத்தில் வருவாரே, அவரேதான்! 1665இல் அவர் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா'வைப் பிரித்தால் மடித்துவைத்த ஒரு தாள் விரியும். விரிந்தால் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு தெள்ளுப்பூச்சி! காலில் முள் முள்ளாக ரோமம், உடம்பெல்லாம் கவசத் தகடு. நாயின் காதிலிருந்து நசுக்கிப் போடும் அந்தப் பொடிப்பூச்சி இத்தனை அழகா என்று ஊரே வாய்பிளந்தது. அதே புத்தகத்தில்தான் தக்கையைச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, வரிசை வரிசையாகத் தெரிந்த குட்டி அறைகளுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். நம் உடம்பிலும் செல், ஜெயிலிலும் செல், சட்டைப்பையிலும் செல். எல்லாவற்றுக்கும் மூலம் சின்ன அறையைக் குறிக்கும் அந்த ஒரே சொல்.

அந்தச் செல்லைப் பிடித்துக்கொண்டு 1951க்கு ஒரு தாவு தாவுங்கள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற கறுப்பினப் பெண், புகையிலைத் தோட்டத்தில் பாடுபட்டவள், பிள்ளைகளுக்குத் தாய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வருகிறாள். அவளைக் கேட்காமலேயே கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அதுவரை மனித செல்களை வெளியே வளர்க்க முயன்றபோதெல்லாம் சில நாளில் செத்துப்போயின. இவளுடைய செல்கள் சாகவில்லை! ஒரே நாளில் இரட்டிப்பாயின. அந்த வருஷம் அக்டோபரில் அவள் இறந்தாள், வயது 31. செல்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. போலியோ தடுப்பு மருந்தின் சோதனைக்குப் பயன்பட்டது அவைதான், விண்வெளிக்கும் போயின. அம்மாவின் செல்கள் உலகம் சுற்றுகின்றன என்பது குடும்பத்துக்குத் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. ரெபெக்கா ஸ்க்ளூட் பத்து வருஷம் உழைத்து 2010இல் வெளியிட்ட புத்தகம் இதைச் சொல்கிறது. மருத்துவம் பற்றிய புத்தகம் ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்பவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். அந்தத் தாயின் மகள் டெபோரா வரும் பக்கங்களில் கண் கலங்காமல் என்னால் படிக்க முடிந்ததில்லை.

ஹூக்கின் தெள்ளுப்பூச்சிக்குத் திரும்புவோம். அந்தப் புத்தகத்தைக் கடையிலிருந்து வாங்கிவந்து ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருந்து படித்தார் ஒருவர். எப்படித் தெரியும்? அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்! சாமுவேல் பெப்பிஸ், இங்கிலாந்துக் கடற்படை அதிகாரி. 1666இல் லண்டன் பற்றியெரிந்தபோது தோட்டத்தில் குழி தோண்டி ஒயினையும் பார்மெசான் பாலாடைக்கட்டியையும் புதைத்துவைத்ததைக்கூட எழுதிய மனிதர். ஆனால் எழுதியது பெரும்பாலும் சுருக்கெழுத்தில். நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவர் மூன்று வருஷம் கண் நோக அதை எழுத்து எழுத்தாக அவிழ்த்தார். அந்தச் சுருக்கெழுத்துக்கான பாடப்புத்தகம் எங்கே இருந்தது தெரியுமா? பெப்பிஸின் அதே நூலகத்தில், அவருடைய மற்றப் புத்தகங்களோடு! யாரும் ஸ்மித்திடம் அதைச் சொல்லவில்லை.

போகிற போக்கில் இதையும் கேளுங்கள். நியூட்டனின் 'பிரின்ஸிபியா'வின் முதல் பக்கத்தில் நியூட்டன் பெயரோடு பெப்பிஸின் பெயரும் இருக்கிறது. அப்போது ராயல் சொசைட்டிக்குத் தலைவர் அவர். சொசைட்டி கையிலிருந்த பணத்தையெல்லாம் மீன்களைப் பற்றிய ஒரு பெரிய படப்புத்தகத்தில் போட்டு முடக்கிவிட்டதால், பிரின்ஸிபியாவைத் தன் சொந்தச் செலவில் அச்சடித்தவர் எட்மண்ட் ஹாலி. ஆமாம், வால்நட்சத்திர ஹாலி! அவருக்குச் சேரவேண்டிய சம்பளத்துக்கு ஈடாகச் சொசைட்டி கொடுத்தது, விற்காமல் கிடந்த மீன் புத்தகப் பிரதிகளை!

பிரெஞ்சு இந்தியாவின் பெப்பிஸ் என்று ஒரு தமிழரை அழைக்கிறார்கள், தெரியுமா? புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம் விடாமல் எழுதினார். அதுவும் பேசுகிற தமிழில். எந்தக் கப்பல் வந்தது, யார் வீட்டுக் கல்யாணம், எவருக்கு எத்தனை கசையடி, துய்ப்ளேக்ஸின் மனைவி என்ன சூழ்ச்சி செய்தாள், எல்லாம் அன்றன்றைக்கு. 1761 ஜனவரியில் அவர் கண்ணை மூடினார். அதே மாதத்தில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது! தான் காலமெல்லாம் பார்த்த ஊர் இடிபடுவதை அவர் பார்க்கவில்லை. குறிப்புகள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்து, 1846இல்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டன. ஆங்கிலத்தில் அது பன்னிரண்டு தொகுதி. அந்தக் குறிப்புகளிலிருந்துதான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு நாவல்களை எழுப்பினார். என் யோசனை, முதலில் பிரபஞ்சனைப் படியுங்கள். பிறகு பிள்ளையவர்களின் நாட்குறிப்பை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் அந்தத் தெருவில் உங்களுக்கு வழி தெரியும்.

வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த எழுத்து என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வரவேண்டியவர் உ.வே.சா. 1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரித் தமிழ்ப் பண்டிதரான இளைஞர் சாமிநாதையர், ஊருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஒரு பெரிய பட்டியலையே ஒப்பிக்கிறார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இவையெல்லாம் படித்து என்ன பயன், சீவக சிந்தாமணி படித்தது உண்டா என்கிறார். கேள்விப்பட்டதோடு சரி! தமிழில் அத்தனை பெரிய படிப்பாளிக்கே அந்த நிலை.

சுவடி கிடைத்தது, பாட்டு புரியவில்லை. அது சமணக் காப்பியம், அந்த மரபு தெரிந்தால்தானே பொருள் விளங்கும்? கும்பகோணத்திலேயே இருந்த ஒரு சமணர் வீட்டுக்குப் போகிறார். வாசலில் கோலம், நிலையில் மாவிலைத் தோரணம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், மாதக்கணக்கில் அந்த வீட்டில் சிந்தாமணி படனம் நடந்துவந்திருக்கிறது, இன்றுதான் பூர்த்தியாம்! எந்தப் புத்தகத்தை உலகம் மறந்துவிட்டது என்று அவர் தேடிப் போனாரோ, அந்தப் புத்தகத்துக்கு நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் தோரணம் கட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்க்கும் இடம் இது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாக வந்தன. இத்தனையையும் அவரே சொல்லும் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் இறந்தபோது முடிவுபெறாமல் நின்றது. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மறைவோடு சரித்திரம் முடிந்துவிடவில்லை, ஆனால் எனக்கு அந்தப் புத்தகத்தின் உயிர் பிள்ளையவர்கள் வரும் பக்கங்கள்தான்.

அந்தத் தொடர் விகடனில் தொடங்கிய காலத்தில் அங்கே ஆசிரியராக இருந்தவர் கல்கி. அவருடைய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்ததும், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு நாவல் நேரான விடை சொல்லாமல் விட்டதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இது தெரியுமா? அந்தக் கொலையைப் பேசும் நிஜக் கல்வெட்டு ஒன்று காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் இருக்கிறது! ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. துரோகிகளின் நிலத்தைப் பறித்த விவரம் அதில் உள்ளது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயரும் உள்ளது. நாவலில் நம்மை நடுங்கவைத்த ரவிதாசன் கல்லிலேயே நிற்கிறான்! இன்னும் ஒன்று. நாவலின் முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரி எது? இன்றைய வீராணம். அதுவும் காட்டுமன்னார்கோயில் பக்கம்தான். ஐந்து பாகம் ஓடித் தேடுகிற துப்பு, கதை புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்துக் கோயில் சுவரிலேயே இருக்கிறது. கதையோடு நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் சுவை இரட்டிப்பு.

சுவடிகளைச் செல் அரித்தது, பூச்சி தின்றது என்று உ.வே.சா. வருந்துவார். புழுவை நினைத்து உருகிய ஒருவரும் இருந்தார். சார்லஸ் டார்வின்! 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெறும் 1,250 பிரதிகளோடு வெளிவந்து உலகத்தைப் புரட்டியது தெரிந்த கதை. அவருடைய கடைசிப் புத்தகம் எதைப் பற்றி தெரியுமா? மண்புழு! 1881இல் வந்தது, அடுத்த ஏப்ரலில் அவர் இறந்தார். வீட்டுக்குள் மண்தொட்டிகளில் புழு வளர்த்து, அவற்றுக்குக் காது கேட்குமா என்று பார்க்கக் குடும்பத்தையே கச்சேரி செய்யவைத்தார். மகன் ஃபிரான்சிஸ் பஸூன் என்ற பெரிய குழலை ஊதினார், மனைவி எம்மா பியானோ வாசித்தார். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் வளைக்குள் ஓடி ஒளிந்தன! காது இல்லை, அதிர்வு தெரிகிறது.

அதைவிடப் பெரியது அவருடைய பொறுமை. 1842இல் வீட்டுக்குப் பக்கத்து வயலில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பிவைத்தார். வைத்துவிட்டுக் காத்திருந்தார். எத்தனை நாள்? 29 வருஷம்! 1871இல் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டினால், மேலே நல்ல கறுப்பு மண், ஏழு அங்குலத்துக்குக் கீழே கோடு கிழித்ததுபோல வெள்ளை வெள்ளையாக அந்தக் கற்கள். அவற்றை யாரும் புதைக்கவில்லை. புழுக்கள் கீழிருந்து மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து கழித்துக் கழித்து, கல்லை உள்ளே இறக்கிவிட்டன. ஓர் ஏக்கரில் வருஷத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுவின் வயிற்றில் புகுந்து வருகிறது என்று கணக்குப் போட்டார். நம் உழவர்கள் மழை நின்ற காலையில் வரப்பில் பார்க்கிற அந்தக் குட்டிக் குட்டி மண்ணுருண்டைகள்தான் அந்தப் பத்து டன்.

இந்த டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வினின் பெயர் உலகப் புகழ்பெற்ற ஒரு பேய்க்கதையின் முன்னுரையில், ஆரம்பத்திலேயே வருகிறது. எந்தக் கதை? 'ஃபிராங்கன்ஸ்டைன்'! அதை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்குப் பதினெட்டு வயது. அதை எழுத நேர்ந்ததற்குக் காரணம், ஓர் எரிமலை! 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா வெடித்தது. அதன் தூசி வானத்தை மறைத்து, மறுவருஷம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனிவா ஏரிக்கரை வீட்டில் ஓயாத மழை. வெளியே போக வழியில்லாமல் அடைந்து கிடந்தவர்களிடம், ஆளுக்கு ஒரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். அந்தப் பந்தயத்தில் பிறந்தது இது. 1818இல் ஆசிரியர் பெயரே போடாமல் 500 பிரதி அச்சடித்தார்கள். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பூதத்தைச் செய்தவனின் பெயர், பூதத்துக்குப் பெயரே கிடையாது. அந்தப் பாவப்பட்ட ஜீவன் காட்டில் கிடந்த ஒரு தோல்பெட்டியிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்துப் படித்துத்தான் மனித மனத்தை அறிகிறது. கண்டி ஓடைக்கரையில் குல்லாய் கொடுத்தவன் நினைவுக்கு வருகிறானா?

கதை நிஜத்தின் பின்னால் போவதுதான் வழக்கம். நிஜம் கதையைத் துரத்திய அதிசயமும் உண்டு. ஜூல் வெர்ன் 1872இல் 'எண்பது நாளில் உலகைச் சுற்றி' என்ற நாவலைப் பிரெஞ்சுப் பத்திரிகையில் தொடராக எழுதினார். 1889 நவம்பரில் நியூயார்க் பத்திரிகைக்காரி நெல்லி பிளை, அந்தக் கணக்கை முறியடிக்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்! உடுத்திய ஒரே உடை, கையில் பதினாறு அங்குல அகலமுள்ள ஒரே ஒரு கைப்பை. அதற்குள் மை, பேனா, பென்சில், ஊசிநூல், ஒரு பெரிய டப்பா முகக் கிரீம். வழியில் பிரான்ஸில் இறங்கி வெர்னையே வீட்டில் போய்ப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமலேயே இன்னொரு பத்திரிகை எலிசபெத் பிஸ்லேண்ட் என்ற பெண்ணை எதிர்த்திசையில் அனுப்பியிருந்தது. நெல்லி 72 நாளில் சுற்றி முடித்தாள், எலிசபெத் 76 நாளில். இருவருமே எண்பதுக்குள்! இருவருமே புத்தகமும் எழுதினார்கள்.

நெல்லி எங்கே ஐந்து நாள் மாட்டிக்கொண்டாள் தெரியுமா? கொழும்பில்! அவள் ஏறவேண்டிய கப்பல், இன்னொரு கப்பல் வந்துசேர்வதற்காகக் காத்து நின்றது. ஒவ்வொரு மணியும் கணக்காகும் போட்டியில் ஐந்து நாள். ஹோட்டல் வராந்தாவில் கடலையே பார்த்துக்கொண்டு தவித்தாள். அந்த இடைவெளியில் ஒருநாள் காலை ரயிலேறினாள். மலைநகரத்தைச் சுற்றிப்பார்த்தாள், பேராதனைத் தோட்டத்தைப் பார்த்தாள், வெயிலும் பசியும் தலைவலியுமாக அன்று ராத்திரியே கொழும்புக்குத் திரும்பிவிட்டாள். அவள் போய்வந்த ஊர் கண்டி. நாக்ஸுக்கு அந்த ராஜ்ஜியத்தைவிட்டு வெளியே வரப் பத்தொன்பதரை வருஷம் ஆகியிருந்தது.